இடதுபக்கக் கதவு

ஐம்பத்தொன்றாம் வருஷத்து ஷெவ்ரோலே பிக்கப் இது.
அதில் ஐம்பத்தொன்றாம் வருஷத்தது என்று
நான் சத்தியம் செய்யக்கூடியது சேசிஸ் மட்டும்தான்.
அதிலும் பின்பக்கக் குறுக்குச்சட்டம்
ஒரு செம்மறிப் பட்டியின் கதவாக இருந்தது.

தக்குவரெம்போவில் ஜூலை மாத இரும்பு
தொட்டால் தோலைக் கேட்கும்.
நானும் அர்லிந்தோவும் கொட்டகைக்குள்
ஒரே மாத்தே குடுவையை மாற்றி மாற்றி உறிஞ்சியபடி
செத்துப்போன வண்டிகளைப் பேர்சொல்லி அழைப்போம்.
எது எங்கே கிடக்கிறது,
யார் வீட்டு நாய் அவிழ்த்துவிடப்பட்டிருக்கும்,
யாரிடம் பணம் பேசக்கூடாது.

எஞ்சின், ரொட்டிக்கடை பெஜோவினுடையது.
முதல்முறை சூடேறியபோது
மாவு வேகிற வாசனை வந்ததாக அர்லிந்தோ சொன்னான்.
பொய்.
நானும் குனிந்து ஒருதரம் மோந்து பார்த்தேன்.

கியர்பாக்ஸ் தீயணைப்பு வண்டியில் இருந்தது.
இரண்டாவது கியருக்கு இரண்டு தடவை கிளட்ச் மிதிக்கவேண்டும்,
அவசரப்பட்டால் பல்லைக் கடிக்கும்.
வலதுகண் சவவண்டி விளக்கு;
மற்றது நேரே பார்க்க, அது மட்டும்
கொஞ்சம் தலைகவிழ்ந்து ரோட்டோரத்தைப் பார்க்கும்.
டீசல் அளவு காட்டும் முள்
உழவு டிராக்டரிலிருந்து பிடுங்கியது.
நிரப்பினாலும் பாதி, வற்றினாலும் பாதி.
நிறம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்பது
நகராட்சிக்காரர் பாடு.

இடதுபக்கக் கதவுதான் எங்களைக் கொன்றது.

நிடியாவின் வயலில் நின்ற வண்டி அது,
எங்களுடையதற்கு இரண்டு வயது இளையது.
வெள்ளத்தில் ஒரு வாரம் முங்கிக் கிடந்து
அப்புறம் கோழிகளிடம் போய்விட்டது.
ஸ்டியரிங்குக்கு அடியில் ஏழு முட்டை.
கதவுக்கு விலை:
கையோடு கொஞ்சம் பணம்,
வேலை முடிந்ததும் ஒரு செம்மறிக் கிடாய்.

பச்சைக் கதவு. துரு ஓரத்தில் மட்டும்.
மாட்டினோம். மூடவில்லை.
கீலை ராவினோம்,
தகடு வெட்டிச் சொருகினோம்,
ரப்பரை மாற்றினோம்,
மரக்கட்டை வைத்துத் தட்டினோம்,
பிறகு கட்டை இல்லாமலே தட்டினோம்.
பதினொரு நாள்.
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று
விரற்கடை அகலம் திறந்தே நின்றது.
அந்த இடுக்கு வழியாக ஊதிய காற்றில்
நானும் அர்லிந்தோவும்
இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை நிடியா வந்தாள், கிடாயைக் கேட்டு.
மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவள்;
முழங்கை வரை கழுவிய கை,
மோட்டார் சைக்கிளில் மண்.
வேலை முடியவில்லை என்றேன்.
முடிந்த மாதிரிதான் இருக்கிறது என்றாள்.
கதவு, என்றேன்.

அவள் எதுவும் கேட்கவில்லை.
ஜன்னல் விளிம்பில் இரண்டு விரல்,
கீழே முழங்காலால் ஓர் ஏற்று,
கடைசியில் இடுப்பால் ஓர் இடி,
தூக்கத்தில் கொசு அடிப்பவள் போல.

டக்.

அர்லிந்தோ சுத்தியலை
மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"பாலத்துத் தூணில் கொண்டுபோய்ச் சாத்தினேன்,
பத்தொன்பது வயதில்" என்றாள்.
"ராத்திரியோடு ராத்திரியாகத் தட்டிப் பெயிண்ட் அடித்துவிட்டேன்.
வீட்டில் எல்லாரும்
கதவுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தார்கள்."
மறுபடியும் திறந்தாள். மூடினாள்.
அப்புறம் இன்னொரு தரம், தேவையில்லாமல்.

நாங்கள் நிமிர்த்தப் பார்த்தது அதைத்தான்.
சொருகிய தகடுகளை அன்றே உருவினேன்,
அவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கிடாயையும் மோட்டார் சைக்கிளையும்
பின்னால் ஒரே கயிற்றில் கட்டினோம்.
ஓட்டுகிறேன் என்று அவளே ஏறினாள்.
இரண்டாவது கியரைப் பற்றி நான் வாயெடுக்குமுன்
அது கடித்து, அவள் அதைத் திட்டி,
பிறகு இருவரும் சமாதானமாகிவிட்டார்கள்.

பாலம் வந்தபோது வேகத்தைக் குறைத்தாள்.
தூணின் பக்கம் திரும்பவேயில்லை.
நான் அவளைப் பார்க்காமல் முள்ளைப் பார்த்தேன்.
பாதி.
கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தால்
கிடாய் நிதானமாக
அவள் மோட்டார் சைக்கிள் சீட்டை மென்றுகொண்டிருந்தது.
வீடு போய்ச் சேர்ந்ததும் சொல்லலாம் என்று
விட்டுவிட்டேன்.